பழுதான எக்ஸ்பாக்ஸ் 360-இன் வயர்லெஸ் போர்டைக் கணினிக்கு ரிசீவராக மாற்றுவது எப்படி?

பழுதாகி நின்றுபோன எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கன்சோல் ஒன்று இருக்கிறது, அதன் வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன, கன்சோலுக்குள் இருக்கும் வயர்லெஸ் போர்டைக் கழற்றிக் கணினியில் இணைத்தால் அந்தக் கன்ட்ரோலர்களைக் கொண்டு கணினியில் விளையாட முடியுமா என்பது கேள்வி. முடியும். அந்தப் போர்டு கன்சோலுக்குள்ளேயே யூஎஸ்பி சாதனமாகத்தான் இயங்கி வந்திருக்கிறது என்பதால் கணினிக்குப் புரியும்படி அதை மாற்றியமைக்க வேண்டிய தேவையே இல்லை. ஐந்து வோல்ட் தரும் கணினியிலிருந்து அதற்குரிய 3.3 வோல்ட்டை எடுத்துத் தருவதும், கன்சோல் அதற்கு இட்டுவந்த ஒரு கட்டளையை நாமே இடுவதும்தான் வேலை.

தொடங்கும் முன் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். கன்ட்ரோலரைச் சார்ஜ் செய்வதற்காக மைக்ரோசாஃப்ட் விற்ற யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகினால் கன்ட்ரோலர் வேலை செய்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தக் கேபிள் பேட்டரிக்கு மின்சாரத்தை மட்டுமே கொண்டுசெல்கிறது, பொத்தான்களின் தகவல் அப்போதும் காற்றின் வழியாகத்தான் போகிறது. இந்தக் கன்ட்ரோலர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கினாலும் பேசுவது புளூடூத் அல்ல, மைக்ரோசாஃப்ட் தனக்கென வகுத்துக்கொண்ட முறை. ஆகவே மடிக்கணினியில் புளூடூத் இருப்பதாலும் பயனில்லை. அந்த மொழி தெரிந்த ரிசீவர் ஒன்று வேண்டும், அது உங்கள் கன்சோலின் முன்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

கன்சோல் செத்துப்போனாலும் இந்தப் போர்டு பிழைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். 2005 நவம்பரில் வெளிவந்த முதல் மாதிரியின் பெரும் நோய் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து நிற்பது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது. அந்தப் பழுது மதர்போர்டின் சில்லுகளையும் வெப்பத்தையும் சார்ந்தது. முன்விளிம்பில் தனியாகச் செருகப்பட்டிருக்கும் சிறிய வயர்லெஸ் போர்டுக்கு அதில் பங்கில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கன்சோலில் இருந்து இதைப் பிடுங்குவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2016-இல் உற்பத்தி நின்றுவிட்ட இயந்திரம் அது, பவர் பொத்தானும் இதே போர்டில்தான் இருக்கிறது, கழற்றிவிட்டால் கன்சோல் அந்தப் பொத்தானையும் இழந்துவிடும்.

இனி நான் சொல்வது முதல் மாதிரியைப் பற்றியது. 2010-இல் வந்த 360 எஸ் மாதிரியிலும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும் போர்டின் அமைப்பு வேறு. அந்த மாதிரியில் இணையத்துக்கான வைஃபை மாட்யூலும் உள்ளேயே தனிப் போர்டாக இருப்பதால், கன்ட்ரோலருக்கான போர்டு என்று நினைத்து அதைக் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மாதிரியில் கன்சோலை முழுவதுமாகப் பிரிக்கத் தேவையில்லை. முன்தட்டை இழுத்து எடுத்தால், பவர் பொத்தானைச் சுற்றியுள்ள விளக்கு வளையத்தின் பின்னால் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளே தெரியும், தலையில் ஆறுமுனை நட்சத்திரக் குழி கொண்ட டார்க்ஸ் திருகுகளைக் கழற்றிய பின் போர்டை நேராக இழுத்தால் மதர்போர்டின் சாக்கெட்டிலிருந்து வந்துவிடும்.

கையில் வந்த போர்டின் சாக்கெட்டில் நமக்கு வேண்டியவை ஏழு இணைப்புகள்: 3.3 வோல்ட், கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பொதுக் கம்பி), யூஎஸ்பியின் இரண்டு தகவல் கம்பிகள், பவர் பொத்தான், பிறகு டேட்டா, கிளாக் என்னும் இரு கட்டுப்பாட்டுக் கம்பிகள். இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சாலிடர் செய்ய வேண்டாம். படத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்பதிலேயே வரிசை தலைகீழாகிவிடும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் (இரு புள்ளிகள் இணைந்திருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து நீங்களே சரிபார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். ரேடியோ பகுதியை மூடியிருக்கும் உலோகக் கவசத்தோடு தொடர்பு காட்டும் பின் கிரவுண்ட். பெரிய மின்தேக்கிகளின் நேர்முனையோடு தொடர்பு காட்டுவது மின்வழங்கல். பவர் பொத்தானை அழுத்தும்போது மட்டும் கிரவுண்டோடு சேர்வது பொத்தானின் பின். ஒன்றையொன்று ஒட்டி, இணையாகச் சில்லுவரை ஓடும் இரு மெல்லிய தடங்கள் யூஎஸ்பி தகவல் கம்பிகள். படத்தோடு உங்கள் அளவீடும் ஒத்துப்போனால் மட்டும் மேலே செல்லுங்கள்.

மின்னழுத்தத்தில்தான் பெரும்பாலான போர்டுகள் சாகின்றன. கணினியின் யூஎஸ்பி வாய் தருவது 5 வோல்ட், இந்தப் போர்டு கன்சோலில் வாங்கிவந்தது 3.3 வோல்ட். பரவலாகச் சொல்லப்படும் எளிய வழி, சிவப்புக் கம்பியில் 1என்4007 போன்ற இரண்டு சிலிக்கான் டயோடுகளை வரிசையாகச் சேர்ப்பது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ட்டைக் குறைக்கும் என்பதால் மீதி 3.6 வோல்ட் அளவில் நிற்கும் என்பது கணக்கு. ஆனால் டயோடு குறைக்கும் அளவு அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. போர்டு ஓய்வாக இருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தை எடுக்கும்போது அந்த 0.7 என்பது 0.6-க்கும் கீழே போகும், யூஎஸ்பியும் 5.25 வோல்ட் வரை தர அனுமதி பெற்றது என்பதால், இரண்டும் சேர்ந்துவிட்டால் போர்டின் தலையில் 4 வோல்ட் ஏறிவிடும். டயோடு முறையில் செய்து நெடுநாள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர், அதாவது மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் சில்லு, இருக்கும்போது டயோடை நாடக் காரணமில்லை.

ஏஎம்எஸ்1117 என்னும் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட் வகை இதற்குப் போதும். உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட 1.1 முதல் 1.3 வோல்ட் வரை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் தேவை, 5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு இறக்கும்போது 1.7 வோல்ட் இடைவெளி இருக்கிறது. நீளமான மலிவுக் கேபிளோ, மின்சாரம் தனியாகப் பெறாத ஹப்போ 5 வோல்ட்டை 4.4 வரை இறக்கிவிட்டால் அந்த இடைவெளி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியீட்டில் 10 முதல் 22 மைக்ரோஃபாரட் வரையிலான மின்தேக்கி ஒன்று கட்டாயம், அது இல்லாவிட்டால் இந்த வகை ரெகுலேட்டர்கள் அலைபாயத் தொடங்கும். இன்னொன்று, 7805 ரெகுலேட்டரைப் பயன்படுத்திப் பழகியவர்கள் இங்கே கை தவறுவார்கள். 7805-இன் கால் வரிசை உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு என்பது. 1117 குடும்பத்தில் அது கிரவுண்ட், வெளியீடு, உள்ளீடு என்று மாறும். அதன் முதுகில் இருக்கும் உலோகத் தகடும் கிரவுண்ட் அல்ல, வெளியீடு. ஆகவே தகட்டைக் கணினிப் பெட்டியின் உலோகத்தில் பொருத்திவிடக் கூடாது. போர்டை இணைக்கும் முன் ரெகுலேட்டரை மட்டும் கணினியில் செருகி, வெளியீட்டில் 3.3 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டுப் பிறகு தொடருங்கள்.

யூஎஸ்பி தகவல் கம்பிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. யூஎஸ்பி 5 வோல்ட் மின்சாரம் தந்தாலும், இந்த வேகத்தில் அதன் தகவல் துடிப்புகள் 3.3 வோல்ட் அளவிலேயே இருப்பதால் அவற்றை நேரடியாகச் சேர்க்கலாம். தரமான கேபிளில் பச்சை நிறம் டி பிளஸ், வெள்ளை நிறம் டி மைனஸ், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மலிவுக் கேபிள்கள் இந்த நிறங்களை மதிப்பதில்லை என்பதால் அளந்து பார்ப்பதே உத்தமம். இரு தகவல் கம்பிகளும் இடம் மாறிவிட்டால் எதுவும் எரியாது, கணினி மட்டும் “அடையாளம் தெரியாத சாதனம்” என்று முறையிடும். இந்தப் போர்டைப் போன்ற முழுவேகச் சாதனம் டி பிளஸ் கம்பியை மேலிழுத்துத் தன் வருகையைத் தெரிவிக்கும், அதுவே டி மைனஸில் நடந்தால் குறைவேகச் சாதனம் வந்திருப்பதாகக் கணினி எண்ணி அந்த வேகத்தில் பேசத் தொடங்கிவிடும். அப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் இரு கம்பிகளையும் மாற்றிச் சாலிடர் செய்து பாருங்கள். விளக்கு எதுவும் எரியவில்லையே என்று போர்டைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். அந்த விளக்குகள் தாமாக எரிவதில்லை, கட்டளை வந்தால்தான் எரியும்.

லினக்ஸில் இதற்குமேல் ஏதும் செய்ய வேண்டியதில்லை. லினக்ஸின் கருவான கெர்னலோடு வரும் எக்ஸ்பேட் டிரைவரின் பட்டியலில் 0291, 0719 ஆகிய இரு சாதன எண்களும் எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் ரிசீவர் என்ற பெயரில் இடம்பெற்றிருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் நிறுவன எண்ணோடு இவற்றில் ஒன்று யூஎஸ்பி பட்டியலில் தெரிந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் தானாகக் கண்டுகொள்ளாமல் போகலாம். அப்போது டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தைத் தேர்ந்து, டிரைவரைப் பட்டியலிலிருந்து நாமே தெரிவு செய்யும் வழியில் சென்று, எக்ஸ்பாக்ஸ் 360 துணைக்கருவிகள் என்ற பிரிவில் உள்ள விண்டோஸுக்கான வயர்லெஸ் ரிசீவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். பொருந்தாமல் போகலாம் என்று வரும் எச்சரிக்கையை ஏற்றுத் தொடரலாம். மைக்ரோசாஃப்ட் கணினிக்கென்று தனியாக விற்ற ரிசீவரும் இந்தப் போர்டும் கணினியோடு பேசும் முறை ஒன்றுதான் என்பதால் ஒரே டிரைவர் இரண்டுக்கும் பொருந்துகிறது. நான்கு கன்ட்ரோலர்கள் வரை இணையும் வசதியும் அப்படியே கிடைக்கிறது.

இனி வருவது இந்த வேலையின் சுவையான பகுதி. கணினிக்கென்று விற்கப்பட்ட ரிசீவரில் கன்ட்ரோலரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. கன்சோலின் முன்பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு என்றாலும், முதல் மாதிரியில் அந்தப் பொத்தான் இந்தப் போர்டில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது. அதை அழுத்தும்போது, கன்சோலின் மின்சாரத்தையும் விளக்குகளையும் மேற்பார்க்கும் எஸ்எம்சி என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பகுதி, டேட்டா கம்பி வழியாக வயர்லெஸ் போர்டுக்குக் கட்டளை அனுப்பும். யூஎஸ்பி வழியாக அந்தக் கட்டளை போவதில்லை என்பதால் கணினியில் எந்த மென்பொருளை நிறுவினாலும் பயனில்லை, அந்த இரு கம்பிகளில்தான் அதைத் தந்தாக வேண்டும்.

இதற்காக எதையாவது வாங்கும் முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அந்தக் கன்ட்ரோலர்கள் கடைசியாக இணைந்திருந்தது இதே கன்சோலோடுதான் என்றால், அவை பழகியது இதே போர்டோடுதான். டிரைவர் ஏறிய பிறகு கன்ட்ரோலரின் நடுப்பொத்தானை அழுத்தினாலே இணைந்துவிட வாய்ப்பிருக்கிறது. இணைந்துவிட்டால் அடுத்த இரண்டு பத்திகள் சொல்லும் வேலையை நீங்கள் செய்யாமலே விடலாம்.

இணையாவிட்டால், நாம் எழுதும் நிரலை ஓட்டும் ஆர்டுயினோ போன்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் அதன் ஜிபிஐஓ எனப்படும் பொதுப் பயன்பாட்டுப் பின்களைக் கொண்டும் செய்யலாம். கட்டளை ஒவ்வொன்றும் பத்து பிட் நீளமுடையது. இங்கே கிளாக் துடிப்பைத் தருவது நம் மைக்ரோகன்ட்ரோலர் அல்ல, வயர்லெஸ் போர்டுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் டேட்டா கம்பியைத் தாழ்நிலைக்கு இழுத்தால் போர்டு துடிப்பைத் தொடங்கும். கிளாக் கம்பி ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் அடுத்த பிட்டை டேட்டா கம்பியில் வைத்து, அது மேலேறும்வரை காத்திருந்து, மீண்டும் இறங்கும்போது அடுத்த பிட்டை வைக்க வேண்டும். பத்தும் முடிந்ததும் டேட்டா கம்பியை உயர்நிலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். கன்ட்ரோலரைச் சேர்க்கும் கட்டளை 0000000100. விளக்குகளை விழிக்கச் செய்து நடுவிளக்கை எரிய வைப்பது 0010000100, கன்சோல் தொடங்கும்போது சுழலும் அந்தப் பச்சை வளையத்தைக் காட்டுவது 0010000101. இணைந்திருக்கும் கன்ட்ரோலர்களை அணைப்பது 0000001001. இந்தக் கடைசிக் கட்டளை கணினியில் தனிச் சிறப்புடையது, ஏனென்றால் கன்சோலில் இருப்பதுபோலக் கன்ட்ரோலரை அணைக்கும் வசதியை விண்டோஸ் வெளிப்படையாகத் தருவதில்லை. பலர் பேட்டரியைக் கழற்றுகிறார்கள், அல்லது கால் மணி நேரம் தொடாமல் விட்டு அது தானாக அணையக் காத்திருக்கிறார்கள். போர்டில் இருக்கும் பவர் பொத்தானையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்: சிறிது அழுத்தினால் சேர்ப்பது, நீட்டி அழுத்தினால் அணைப்பது என்று எழுதிக்கொள்வது சில வரி நிரல்தான்.

இங்கேயும் மின்னழுத்தம் குறுக்கே வரும். ஆர்டுயினோ யூனோ 5 வோல்ட்டில் இயங்குவது, அதன் வெளியீட்டை 3.3 வோல்ட் போர்டில் நேரே கொடுப்பது முறையல்ல. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: யூனோவில் உள்ள, 5 வோல்ட்டில் இயங்கும் ஏடிமெகா328 சில்லு ஒரு கம்பியை உயர்நிலை என்று உறுதியாக ஏற்க 3 வோல்ட் வேண்டும், நம் கிளாக் தருவது அதிகபட்சம் 3.3 வோல்ட்டே. படிக்கும், ஆனால் அது சிறிது குறைந்தாலும் தாங்க இடமில்லை. 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஆர்டுயினோ ப்ரோ மினியை வாங்கி, அதற்கும் அதே ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கையில் யூனோதான் இருக்கிறது என்றால், 1 அனுப்ப வேண்டிய இடத்தில் பின்னை உயர்நிலைக்குக் கொண்டுபோகாமல் உள்ளீடாக மாற்றிவிட்டு, டேட்டா கம்பியை 10 கிலோஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டோடு சேர்த்துவிடுங்கள், யூனோ கம்பியைக் கீழே இழுக்க மட்டும் செய்யும். யூனோவில் உள்ள 3.3 வோல்ட் பின்னிலிருந்து வயர்லெஸ் போர்டை ஓட்டலாமே என்று தோன்றும். அந்தப் பின்னுக்கு வகுத்த வரம்பு 50 மில்லி ஆம்பியர் என்பதால் வேண்டாம். கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், இணையவில்லை என்று வரும் புலம்பல்களில் பாதி அங்கேயே முடிகிறது.

நின்டெண்டோ வீ கன்சோலைப் பிரித்தவர்கள் இவ்வளவு பாடுபடுவதில்லை. அதன் உள்ளே இருக்கும் வயர்லெஸ் மாட்யூல் பிராட்காம் சில்லு கொண்ட புளூடூத் சாதனம், அதுவும் யூஎஸ்பி, அதற்கும் 3.3 வோல்ட்தான். புளூடூத் முறையில் ரிமோட்டைச் சேர்ப்பது கணினியில் ஓடும் மென்பொருளின் வேலை என்பதால் பக்கவாட்டில் தனிக் கட்டளைக் கம்பி தேவைப்படுவதில்லை. நான்கு கம்பிகளையும் ரெகுலேட்டரையும் சாலிடர் செய்தால் வேலை முடிந்தது. வீ விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டர் அந்த மாட்யூலை நேரடியாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது, விண்டோஸில் அதற்கு ஸாடிக் என்னும் டிரைவர் மாற்றும் கருவியால் வின்யூஎஸ்பி டிரைவரை மாற்றிப் போட வேண்டும். சாதாரண புளூடூத் டாங்கிள்களோடு மல்லாடியவர்கள் வீயின் சொந்த மாட்யூலைத் தேடிப் போவதன் காரணம், ரிமோட் எதிர்பார்க்கும் சாதனம் அதுவே என்பதுதான்.

கடையில் கிடைக்கும் ரிசீவரை வாங்கிவிடலாமே என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் வாங்குவது எளிது. ஆனால் மைக்ரோசாஃப்டின் அசல் இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும், சந்தையில் புதிதாக விற்பவற்றில் மிகுதியும் போலிகள். அவற்றின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை, சிலவற்றுக்கு விண்டோஸில் இதே கைவழி டிரைவர் வேலை தேவைப்படுகிறது. கன்சோலிலிருந்து எடுத்த போர்டோ அசல். சாலிடர் இரும்பும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அவற்றையும் புதிதாக வாங்க வேண்டியவருக்கு இது சிக்கனம் ஆகாது, கற்றுக்கொள்ளும் ஆசைக்குக் கொடுக்கும் விலை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், அது பேசும் முறை வேறு, அதற்கான ரிசீவரும் வேறு.

வேலை முடிந்த பின் போர்டை வைக்கும் இடத்தில் கவனம் தேவை. அழகாக இருக்கும் என்று கணினியின் இரும்புப் பெட்டிக்குள் பொருத்தினால் ஆன்டெனா குருடாகிவிடும். முன்பக்கப் பிளாஸ்டிக்கின் பின்னால், உலோகம் மறைக்காத இடமாகப் பார்த்து வைக்கலாம். யூஎஸ்பி 3.0 இணைப்புகளும் அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்பது இன்டெல் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலேயே பதிவானது. பொத்தான் அழுத்தங்கள் இடையிடையே தவறினாலோ கன்ட்ரோலர் அடிக்கடி அறுந்து மீண்டும் இணைந்தாலோ, சாலிடரைச் சந்தேகிக்கும் முன், நீட்டிப்புக் கேபிள் ஒன்றைக் கொண்டு போர்டை அந்த வாய்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, யூஎஸ்பி 2.0 வாயில் செருகிப் பாருங்கள்.